உடைந்த பாலத்துக்கு ஓர் ஆமென்

போன நவம்பர் மழையில் எங்கள் பாலம் உடைந்தது. காலையில் எழுந்து பார்த்தால் அதன் ஒரு பக்கம் ஆற்றுக்குள் சரிந்து கிடக்கிறது. ஊர்ப் பிரச்சினைதானே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. என் கணவர் சேகருக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் டவுனில் டயாலிசிஸ். ஒரு நாள் தவறினாலும் உடம்பில் தண்ணீர் ஏறும், மூச்சு முட்டும். அவரை ஏற்றிப் போகும் வேன் அன்றிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

நாங்கள் இருப்பது மலாக்காவில் ஒரு பழைய ரப்பர் எஸ்டேட்டில். இப்போது ரப்பர் இல்லை, சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. எஸ்டேட் கைமாறிப் போய், மிச்சம் இருப்பது வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளும் அவற்றில் குடியிருக்கும் நாங்களும்தான். ஆண்கள் சுங்கை ஊடாங் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார்கள். நான் ஒரு பள்ளிக் கேன்டீனில் சமைக்கிறேன். பாலம் யாருடையது என்று கேட்டால் கம்பெனிக்காரன் நகராண்மைக் கழகத்தைக் கைகாட்டுவான், நகராண்மைக் கழகம் கம்பெனியைக் கைகாட்டும். எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர், நாங்கள் ஒய்.பி. என்று கூப்பிடுகிறவர், இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிப்பார். அவர் எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால், ஆண்டவர் செய்ததை உங்கள் முன் சொல்லுகிற இந்தச் சாட்சி கட்சிப் பேச்சாகிவிடும்.

எங்கள் சபை பாலத்துக்கு அக்கரையில், மெயின் ரோட்டுக்கு அருகில் இருக்கிறது. எஸ்டேட் காலத்தில் தொழிலாளிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையாக இருந்த கட்டடம். சபை மக்கள் பெரும்பாலும் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை காரில் வருவார்கள், காரில் போவார்கள். ஆற்றைத் தாண்டி எங்கள் லயத்துப் பக்கம் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாரும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் கோபம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாலம் உடைந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் கமிட்டித் தலைவர் பரமசிவம் அண்ணன் சபை வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆராதனை முடிகிற வரைக்கும் வெயிலில் நின்றார். பாஸ்டர் வெளியே வந்ததும் கேட்டார்.

"பாஸ்டர், பாலத்த கேட்டு நகராண்மைக் கழகத்துக்கு நாங்க மட்டும் போனா, கோயில் ஆளுங்க வந்துட்டாங்கன்னு சொல்லி ஓரமா ஒக்கார வச்சிடுறானுங்க லா. நீங்களும் வந்தீங்கன்னா ஊரே வந்த மாதிரி இருக்கும்."

பாஸ்டர் சிரித்த முகமாகவே பதில் சொன்னார். "அண்ணே, நாங்க அரசியல் பண்றதில்ல. ஜெபம் பண்றோம்."

பரமசிவம் அண்ணன் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் இதே பாஸ்டர்தான் சில மாதங்களுக்கு முன்னால் ஒய்.பி. ஆபிசில் போய் உட்கார்ந்து, சபைக்குப் புதுக் கூரை கேட்டு வாங்கி வந்தார். அந்தக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டுதான் அரசியல் பண்றதில்ல என்கிறார். கூரை கேட்டால் ஊழியம், பாலம் கேட்டால் அரசியல். இது எந்த ஊர் நியாயம்?

பாலம் உடைந்த மறுநாளே கோயில் இளைஞர்கள் ஆற்றின் குறுக்கே பலகை போட்டிருந்தார்கள். சேகர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அதில் நடப்பார். நோயாளி நடக்கிற பாதையா அது? ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். டிசம்பர் ஆரம்பத்தில் மறுபடியும் பெரிய மழை. பலகை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றைய டயாலிசிஸ் தவறிப்போனது. செம்பனைக்குள் போகிற கம்பெனிப் பாதையில் வேன் வரப் பார்த்துச் சேற்றில் சிக்கித் திரும்பிவிட்டது. மறுநாள் மதியம் சேகருக்குப் படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தார். ஆம்புலன்ஸ் வந்தது. வந்து ஆற்றின் அக்கரையில் நின்றது.

நான் பாஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் போனிலேயே ஜெபித்தார். நல்ல ஜெபம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தலைக்கு மேல் தூக்கியவர்கள் பரமசிவம் அண்ணனும் அந்தக் கோயில் பிள்ளைகளும். இடுப்பளவு தண்ணீர். சேறு வேறு. ஒருவன் கால் வழுக்கியும் நாற்காலியை விடவில்லை. நான் பின்னாலேயே அவருடைய மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன், அழுதுகொண்டே நடந்தேன்.

சேகரை வார்டில் சேர்த்தார்கள். டாக்டர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டேன். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அரசாங்கத்துக்காக ஜெபிப்பது பல வருஷங்களாக என் பங்கு. பிரதமரிலிருந்து எங்கள் ஒய்.பி. வரைக்கும் எல்லாருக்கும் ஞானம் கொடும், சுகம் கொடும் என்று கேட்டிருக்கிறேன். எல்லாருக்கும் கேட்டேனே, எங்கள் ஆற்றுக்கு ஒரு பாலம் தர ஒருவருக்கும் மனசு வரவில்லையா, நீர் எங்கே போனீர் என்று கேட்டேன். மரியாதை இல்லாமல்தான் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சேகர் மெல்ல மெல்ல மூச்சு விட ஆரம்பித்தார். ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனிமேல் ஒரு நாளும் தவறக்கூடாது, அடுத்த தடவை இப்படி வந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பாஸ்டரிடம் போனேன். கூரை கேட்டீங்களே, அது அரசியல் இல்லையா என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "சிஸ்டர், நம்ம இருக்கிற இந்த எடத்துக்கே சரியான பேப்பர் இல்ல. அதிகாரிங்கள பகைச்சிக்கிட்டா நாளைக்கி இதையும் பூட்டிடுவாங்க" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. பொய்ப் பயம் இல்லை அது. ஆனாலும் என் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆராதிக்க இடம் வேண்டும் என்பதற்காக அண்டை வீட்டுக்காரன் ஆற்றில் போகட்டும் என்று விட்டுவிடலாமா?

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு எங்கள் சபையில் விருந்து. ஒவ்வொரு வருஷமும் ஒய்.பி. வருவார், முன்வரிசையில் மெத்தை நாற்காலியில் உட்காருவார், பாஸ்டர் அவருக்குப் பொன்னாடை போடுவார். ஊர்க்காரர்களையும் அழைப்போம். சாப்பாட்டுக்கு முன்னால் அரசாங்கத்துக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும். அது என் வேலை. சேகர் வார்டில் இருக்கிறார், இவள் வரமாட்டாள் என்று நினைத்திருப்பார்கள். நான் போனேன். வார்டில் சேகரைப் பார்த்துவிட்டு வந்த கையோடு நேராக மேடை ஏறினேன்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. உங்கள் சபையிலும் இருக்கும். ஒருவர் ஜெபிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எல்லாரும் ஆமென் சொல்வோம். வாய் தானாகச் சொல்லும். ஜெபிக்கிறவரை நடுவில் யாரும் நிறுத்தவும் மாட்டார்கள்.

"ஆண்டவரே, எங்கள் ஒய்.பி.யை ஆசீர்வதியும்" என்றேன். ஆமென் என்றது சபை. "அவருக்கு நல்ல சுகம் கொடும்." ஆமென். "அவருக்குக் கண் கொடும்." ஆமென். "கூப்பிடு தூரத்தில் பாலம் உடைந்து கிடப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியட்டும்." அதற்கும் ஆமென் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்கும். கீபோர்ட் வாசிக்கிற தம்பி மெல்லப் பாட்டை ஆரம்பித்தான், பாஸ்டர் ஜாடை காட்டியிருப்பார். நான் கண்ணைத் திறக்கவில்லை. சபைத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"என் புருஷன நாற்காலியில வச்சி ஆத்துல தூக்கிட்டுப் போனாங்க ஆண்டவரே. தூக்கினது நாங்க இல்ல, கோயில் புள்ளைங்க. எங்களுக்குக் கூரை கேக்க வாய் இருந்திச்சி. அவங்களுக்குப் பாலம் கேக்க வாய் வரல. எங்கள மன்னிச்சிடும்."

இதற்குச் சபை ஆமென் சொல்லவில்லை.  பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், கனமாக, ஆமென் என்றது. கண்ணைத் திறந்து பார்த்தேன். பரமசிவம் அண்ணன்.

ஜெபம் முடிந்ததும் ஒய்.பி. எழுந்தார். பொன்னாடை இன்னும் தோளில் இருந்தது. முகம் சிவந்துபோயிருந்தது, வெட்கமா கோபமா என்று தெரியவில்லை. "எங்கேம்மா அந்தப் பாலம்?" என்று கேட்டார். சாப்பாட்டை விட்டுவிட்டு நடந்து போனோம். பளபளப்பான சப்பாத்து சேற்றில் முங்க, ஆற்றங்கரையில் நின்று பார்த்தார். பரமசிவம் அண்ணன் நாற்காலி போன வழியைக் கையை நீட்டிக் காட்டினார். ஒய்.பி. அங்கேயே நின்று யார் யாருக்கோ போன் செய்தார்.

அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிறகும் அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். நானும் பரமசிவம் அண்ணனும் நகராண்மைக் கழக வாசலில் பழியாய்க் கிடந்தோம். அவர் நெற்றியில் திருநீறு, என் கழுத்தில் சிலுவை. உள்ளே போவதற்கு முன் அவர் முருகா என்பார், நான் ஸ்தோத்திரம் என்பேன். இந்த முறை எங்களை ஓரமாக உட்கார வைக்க முடியவில்லை. ஆண்டவர் அதுவரைக்கும் கோயில் பிள்ளைகள் மறுபடி போட்ட பலகையையும் தண்ணீரையும் பிடித்து வைத்திருந்தார், ஒரு டயாலிசிஸும் தவறவில்லை. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் இரும்புப் பாலம் வந்தது. முதல் வேன் எங்கள் வாசலுக்கே வந்து நின்றபோது சேகர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கர்த்தருக்கே எல்லா மகிமையும்.

பாலம் திறந்ததும் ஒய்.பி.யின் ஆட்கள் வந்தார்கள். தேர்தல் நேரத்தில் சபை அவருக்கு ஆதரவு என்று ஒரு வார்த்தை மேடையில் சொல்ல வேண்டுமாம். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். பாலம் போட்டது அவர் கடமை, எங்கள் ஓட்டுக்குக் கொடுத்த முன்பணம் இல்லை. கேட்கவும் வேண்டும், விலைபோகவும் கூடாது. இரண்டும் சேர்ந்து வராவிட்டால் நாம் அரசாங்கத்துப் பக்கம் போகாமலே இருக்கலாம்.

பாஸ்டர் ஒரு நாள் பாலத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "நான் பயந்துட்டேன் சிஸ்டர்" என்றார். மன்னித்துவிட்டேன். ஆனால் கோபம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? சர்க்கரை போடாமல்தான் டீ கொடுத்தேன். அவரும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வெள்ளிக்கிழமை அரசாங்கத்துக்காக ஜெபிக்கும் பொறுப்பை இப்போது வேறொரு சகோதரிக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நோயாளிகளுக்கான ஜெபம். அதையும் சத்தமாகத்தான் செய்கிறேன்.

ஆகவே, என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பாலம் உடைந்திருக்கும். ஆண்டவரை நம்பிக் கேளுங்கள், அவர் கேட்கிறார், எனக்குத் தெரியும். அவர் உங்களை ஒரு ஆபிஸ் வாசலுக்கு அனுப்பினால் போங்கள். உங்கள் சபைக்காக மட்டும் போகாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இப்போது நான் முடித்ததும் எல்லாரும் வழக்கம்போல ஆமென் சொல்வீர்கள். கொஞ்சம் பொறுங்கள். என்னைப் பொறுத்தவரை ஆமென் என்றால் நானும் வருகிறேன் என்று அர்த்தம். வருகிறவர்கள் மட்டும் சொல்லுங்கள்.