ஜான் பீ வீட்டுக் கூழ்

பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற நூர் பாஷாவுக்கு வாழ்க்கைப்பட்டு இண்டூருக்கு வந்த புதிதில், ஜான் பீக்குக் கூழைக் கண்டாலே குமட்டும். தர்மபுரி டவுனில் சோறும் ரொட்டியுமாக வளர்ந்தவள். பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள்தான், "டவுன்காரிக்குத் தொண்டை சின்னது" என்று கிண்டல் செய்தே குடிக்க வைத்தாள். தன் பானையிலிருந்து ஒரு கரண்டி புளித்த கேழ்வரகு மாவும் கொடுத்தாள். கரைத்ததில் கொஞ்சம் எடுத்து வைத்து மறுநாள் மாவில் கலந்தால் போதும். இருபது வருஷமாக இரண்டு வீட்டிலும் ஒரே புளிப்பு ஓடியது. புளிப்பில் இருப்பது நுண்ணுயிர், வீட்டுக்கு வீடு அது மாறும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஜான் பீ அதை நாக்காலேயே தெரிந்து வைத்திருந்தாள்.

தீர்த்தம்மாளின் புருஷன் மாது மட்டும் அந்த இருபது வருஷத்தில் ஜான் பீ வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. கெட்ட மனுஷர் இல்லை. ஆனாலும் அந்த வறட்டுப் பிடிவாதத்தின் மேல் இதைச் சொல்கிற எனக்கு இன்னும் கோபம்தான்.

எண்பத்து நாலாம் வருஷக் கோடையில் தீர்த்தம்மாள் போய்ச் சேர்ந்தாள். காரியத்தன்று வழக்கப்படி வீட்டுப் பழைய மண்பானைகளை எல்லாம் உடைத்தார்கள். புளிப்பும் அதோடு போயிற்று. மருமகள் ராஜாமணி புதுப்பானையில் ஆக்கிய கூழை மாது இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார். ஒரே மாதத்தில் கன்னம் ஒட்டிவிட்டது.

"என் கைதான் சரியில்லீங்க்கா" என்று ராஜாமணி வந்து அழுதாள்.

"உன் கையில ஒண்ணும் இல்ல. உங்க அத்தை புளிப்பு என் பானையில இருக்குது, எடுத்துக்கிட்டுப் போ."

"மாமாகிட்ட சொல்லாம கலந்துடறேன்."

"வேணாம்" என்றாள் ஜான் பீ. "ஏமாத்திக் குடுத்தா உங்க அத்தைக்கே பொறுக்காது. எங்க வூட்டுதுன்னு சொல்லிட்டுக் கலக்கு."

ராஜாமணி சொன்னாள். மாது கூழைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனார். நாலு நாள் போயிற்று. அவர் இனிப் பிழைக்க மாட்டார் என்றே ஜான் பீ பயந்தாள். ஐந்தாம் நாள் காலையில் பித்தளைச் சொம்போடு அவள் வாசலில் வந்து நின்றார்.

"எங்க வூட்டுக்காரி கூழு உங்க வூட்ல இருக்குதாமே?"

ஜான் பீ சொம்பை வாங்கினாள். உள்ளே பார்த்ததும் ஈயக்காரன் பெண்டாட்டிக்கு வாய் நிற்கவில்லை. "இதுல புளிச்சது ஊத்தக் கூடாதுங்ண்ணா. ஈயம் போயிடுச்சு, களிம்பு ஏறி விஷமாயிடும்."

சொன்ன பிறகுதான், தன் வீட்டுப் பாத்திரத்தில் குடிக்கச் சொன்னதாக ஆகிவிடும் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாது வாசற்படியில் உட்கார்ந்தார். "அப்போ உங்க சொம்புலயே குடும்மா."

ஒரே மூச்சில் குடித்தார். மீசையில் ஒட்டியதைக்கூடத் துடைக்காமல் அழுதார். ஜான் பீயும் அழுதுகொண்டே இன்னொரு சொம்பு ஊற்றினாள்.

பித்தளைச் சொம்பை ஈயம் பூச விட்டுப் போனார். நூர் பாஷா மறுநாளே பூசி வைத்துவிட்டார். பிறகு ராஜாமணியின் பானையிலும் பழைய புளிப்பு ஏறிவிட்டது. ஆனாலும் அந்தக் கோடை முடியும்வரை மாது காலையில் வெறுங்கையோடு ஜான் பீ வீட்டுக்கு வந்தார். தன் சொம்பைக் கேட்கவே இல்லை.