சின்னப் பெட்டிக்குள் எல்லோரும் சமம்

பழிவாங்கினேன். இதற்கு வேறு நாசூக்கான சொல் தேடப் போவதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் நான் ஆய்வு செய்த நிலையத்தின் கருத்தரங்கில், ஊரே பார்க்கப் பழிவாங்கினேன். இன்று நினைத்தாலும் வயிறு குளிர்கிறது.

என் ஆய்வு வழிகாட்டியும் தமிழர்தான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மல்லேஸ்வரத்தில் அவர் வீடு, இந்தப் பக்கம் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீடு. சேர்ந்த புதிதில் சீனியர் மாணவனையும் என்னையும் கரும்பலகைக்கு அழைத்து ஒன்றுபோலவே விவாதிப்பார். ஒருநாள் காபி குடிக்கும்போது கேட்டார்.

"வீடு எங்கம்மா?"

"ஸ்ரீராம்புரம் சார்."

"அப்பா என்ன பண்றார்?"

"கார்ப்பரேஷன்ல சார். ரோடு பெருக்குற வேலை."

"ஓ. ரொம்ப நல்லது" என்றார். அதன் பிறகு கரும்பலகைப் பக்கம் என்னைக் கூப்பிடவே இல்லை. விவாதமெல்லாம் சீனியரோடு. கம்ப்யூட்டரில் கணக்கு ஓட்டுவது மட்டும் நான்.

என்ன கணக்கு என்று சொல்லிவிடுகிறேன். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளில் இடக்கை, வலக்கை என்று இரு வகை உண்டு. சூரியனின் நடுப்பகுதியே குளிர் என்று தோன்றவைக்கும் சூட்டில் இரண்டும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் சமமாகத் திரியும். அதுதான் சமச்சீர். சூடு தணிந்தால் அது உடைந்து இரண்டும் பிணைந்துகொள்ளும், எடை வரும். நம் உடம்பின் கனத்தில் பெரும்பங்கு அந்த உடைவு தந்தது. மறுபடி சூடேற்றினால் எந்தச் சூட்டில் சமச்சீர் திரும்பும்? இதுதான் எங்கள் கேள்வி. அத்தனை சூட்டுக்கு எங்கே போவது? அதனால் கம்ப்யூட்டருக்குள் கட்டம் கட்டமாக ஒரு பெட்டி கட்டி, அதற்குள் குவார்க்குகளை விட்டுப் பார்ப்போம். அந்தப் பெட்டியைக் கட்டிய புரோகிராம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் எழுதியது.

அதை வைத்துக்கொண்டு சீனியர் ஒரு முடிவு கண்டுபிடித்தான். உலகம் நம்பியதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே சமச்சீர் திரும்பிவிடுகிறதாம். வழிகாட்டிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் உறுத்தியது. பெட்டி மிகவும் சிறியது. சின்னப் பெட்டியில் குளிரிலும் சமச்சீர் உடையாததுபோலவே கணக்கு காட்டும்; உடைவதற்கு அங்கே இடம் போதாது. வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன்.

"நீ கம்ப்யூட்டர்ல ஜாப் ஓட்டும்மா. பிசிக்ஸ நாங்க பாத்துக்கறோம்."

ஆய்விதழில் பேப்பர் வெளிவந்தது. மேலே அவர்கள் இருவர் பெயரும். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், 'கணினி உதவிக்கு நன்றி' என்று என் பெயர். கேட்டதற்குச் சிரித்தார்.

"ஏம்மா, நம்ம க்ரூப்ல யாரு பெரியவா, யாரு சின்னவா? எல்லாரும் ஒண்ணுதானே!"

மூன்று பேர் இருக்கும் அறைக்குள் ஒன்றுதான். அறையைவிட்டுப் பேப்பர் வெளியே போனபோதுதான் யார் எங்கே என்று தெரிந்தது. அன்று பஸ்ஸில் மெஜஸ்டிக் நிலையம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். இந்த மனிதரைச் சும்மா விடக் கூடாது என்று தோன்றியது.

பெட்டியை இரு மடங்கு பெரிதாக்கிக் கணக்கை ஓட்டினேன். வாரக்கணக்கில் ஓடியது. அவர்கள் சொன்ன சூட்டில் சமச்சீர் திரும்பவே இல்லை. உடைந்தது உடைந்தபடி இருந்தது. நேராக அவர் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை சொல்லியாயிற்று. இனிமேல் சபையில்தான் என்று முடிவு செய்தேன். அவர் கையெழுத்தில்லாமல் எனக்கு டாக்டர் பட்டம் வராது என்பதும் தெரியும். வராவிட்டால் போகட்டும் என்ற இடத்துக்கு வந்திருந்தேன்.

கருத்தரங்குக்கு பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பெரிய தலைகள் வந்திருந்தன. சீனியர் பேசினான். வழிகாட்டி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். கேள்வி நேரத்தில் கையை உயர்த்தினேன்.

"பெட்டியின் அளவை மாற்றிப் பார்த்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

சீனியர் வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தான். பிறகு, "இல்லை" என்றான்.

"நான் பார்த்தேன்."

எழுந்து போய் என் கண்ணாடித்தாளை புரொஜெக்டரில் வைத்தேன். சின்னப் பெட்டிக்கு ஒரு கோடு, பெரிய பெட்டிக்கு ஒரு கோடு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. வெளியூரிலிருந்து வந்த முதியவர் ஒருவர் திரைக்கு அருகே போய்ப் பார்த்துவிட்டு, "அப்படியானால் இங்கே முடிவு என்று எதுவும் இல்லை" என்றார்.

நான் எதிர்பாராதது அடுத்து நடந்தது. வழிகாட்டி புன்னகையோடு எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினார். "எங்கள் மாணவிதான். எங்கள் குழுவில் எங்கள் தவறை நாங்களே திருத்திக்கொள்வோம்!" என்றார். யாரோ கைதட்டக்கூடத் தொடங்கினார்கள். என் பழியையும் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாரே என்று எனக்கு உடம்பு எரிந்தது.

"அந்தப் பேப்பரில் என் பெயர் இல்லை, சார்" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "அதனால் தவறிலும் எனக்குப் பங்கில்லை."

கைதட்டல் நின்றது. டீ இடைவேளையில் வழிகாட்டி என் பக்கத்தில் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"கோபப்படாதேம்மா. திருத்தி எழுதறப்போ உன் பேரையே முதல்ல போட்டுடலாம்."

"எழுதி அனுப்பிட்டேன் சார். ஒரே பேர்தான் இருக்கு."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். பின்னாளில் வேறொரு வழிகாட்டியிடம் சேர்ந்து, இரண்டு வருடம் தாமதமாகத்தான் பட்டம் வாங்கினேன். அந்தக் கணத்துக்காக இன்னும் இரண்டு வருடம்கூடக் கொடுத்திருப்பேன்.

"உங்களையும் மறக்கல சார்" என்றேன். "கடைசிப் பக்கத்துல, அடியில பாருங்க. கணினி உதவிக்கு நன்றின்னு போட்டிருக்கேன்."