படுகளத்துக்குப் போன தேசம்மாள்

அதெல்லாம் கிடையாது. நிறைமாத மருமகளை விட்டுவிட்டு ஓடிப்போனவள் என்று எதிர்வீட்டு எல்லம்மாள் சொல்வதைத் தெருவே நம்பினாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேசம்மாளின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து உட்கார்ந்து, கையில் வடையை வைத்துக்கொண்டே பேசுகிறாள்.

“பதினோரு வருசம் ஊட்டுப் பக்கம் எட்டிப் பாக்காதவளுக்கு இன்னாத்துக்குக்கா இவ்ளோ தடபுடலு?”

“வடைய முழுங்கிட்டுப் பேசுடி. செத்தவ எங்க ஊட்டு மூத்த மருமவ.”

தேசம்மாள் எனக்கு ஓர்ப்படி. அவள் புருஷன் ஆதிகேசவன் மூத்தவர், என் புருஷன் இளையவர். ஒரே வீடு, ஒரே உலை. விடிந்தால் நான் மலையடிவாரத்தில் காவடிக்குப் பூ கட்டி விற்கப் போய்விடுவேன். அவள் பிள்ளைகள் மூன்று, என் பிள்ளைகள் இரண்டு. ஐந்துக்கும் தலை வாரி, சோறு போட்டு, அம்மை போட்டால் வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள்தான். என் சின்ன மகன் வெகுநாள் அவளைத்தான் அம்மா என்றான். என்னைப் பேர் சொல்லி ரஞ்சிதம் என்பான்.

ஆதிகேசவன் படுகளத்துப் பொம்மை செய்கிறவர். எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசியில், துரியோதனனை நாற்பதடி நீளத்துக்குத் தரையில் மண்ணாலேயே மல்லாத்திப் படுக்க வைப்பார்கள். பீமன் வேஷம் கட்டியவர் வந்து தொடையில் அடிப்பார். ஜனம் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகும். பொம்மை செய்கிறவர் கையில் மஞ்சள் காப்பு கட்டுவார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. அந்த வருஷத்திலிருந்து காப்பு அவர் கையில், மண் இவள் கையில். பொம்மையைச் சுற்றித் தென்னங்கீற்று மறைப்பு கட்டியிருக்கும். அதன் வாசலில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் காலையில் உள்ளே போகிறவள் சாயங்காலம்தான் வருவாள். கஞ்சி குடிக்க அவ்வளவு நேரமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

ஒரு வருஷம் துரியோதனனுக்குச் செத்துப்போன எங்கள் மாமனார் முகம் வந்துவிட்டது. அதே உப்பின கன்னம், அதே முறைப்பு. மாமியார் பார்த்ததும் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

“இன்னாடி இது, அவரப் போயி இங்க படுக்க வெச்சிக்கிறே?”

“நா வெக்கலே அத்தே. அவரே வந்து படுத்துக்கினாரு.”

அன்றைக்குத் தொடையில் அடி விழுந்தபோது மாமியார்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

விழா முடிந்தால் வேட்டியும் மாலையும் ஆதிகேசவனுக்குப் போகும். பத்தொன்பது வருஷம் அப்படித்தான். இவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

அவர் செத்த பிறகு, அடுத்த திருவிழாவுக்குத் தானே செய்வதாக ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டாள். தாலி அறுத்தவள் கையில் காப்பா என்றார்கள். வெளியூர் ஆளைக் கூட்டிவந்தார்கள். அவன் செய்த துரியோதனனுக்குத் தொப்பை ஒன்றுதான் ஒழுங்கு.

அதற்குப் பிறகுதான் திருவாலங்காட்டுப் பக்கத்து ஊரிலிருந்து தணிகைவேல் என்பவர் வந்தார். அந்த ஊர்த் திருவிழாவை எடுத்து நடத்துகிறவர்.

“அந்தப் பொம்மைங்கள யாரு செஞ்சாங்கன்னு எங்களுக்குத் தெரியும்மா. உங்க கையிலியே காப்பு கட்றோம். வர்றீங்களா?”

“ஆங்” என்றாள்.

மூத்த மகன் வெங்கடேசனுக்குப் பிடிக்கவில்லை. அவன் பெண்டாட்டி சுஜாதாவுக்கு இரண்டாவது பிரசவம், நாள் நெருங்கியிருந்தது. காப்பு கட்டிவிட்டால் வீட்டில் என்ன ஆனாலும் தேசம்மாள் வர முடியாது. அவள் கிளம்புகிற அன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

“இவளுக்கு வலி எடுத்தா இன்னா பண்றது?”

“உங்க சித்தி கீறா. ஆஸ்பத்திரி கீது. நா இன்னா டாக்டரா?”

“நைனா பேரக் கெடுக்காதம்மா.”

“நைனா பேர பத்தொம்பது வருசமா நாந்தான்டா காப்பாத்திகினு இருந்தேன்.”

“போனா திரும்ப இந்தப் படி ஏறக் கூடாது.”

ஏறக் கூடாது என்றான், அவள் ஏறவில்லை, அவ்வளவுதான் அந்தப் பதினோரு வருஷத்துக் கதை. அந்த ஊரிலேயே இருந்துவிட்டாள். சுஜாதாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவாள்.

அன்றைக்கு மகன் அப்படிச் சொன்னதும் அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். போ என்று தலையை ஆட்டினேன். எல்லம்மாள் இரக்கப்படுகிறாளே, அந்த நிறைமாதக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்து, இரண்டு புடவை மடித்து வைத்த பையைத் தன் மாமியார் கையில் கொடுத்தாள்.

“வெயில்லியே நின்னுகினு இருக்காதீங்க அத்தே. நேரத்துக்குச் சாப்புடுங்க.”

தேசம்மாள் பையை வாங்கிக்கொண்டு மகன் முன்னால் போய் நின்றாள்.

“நவுருடா, பஸ்ஸு போய்டும்.”

நகர்ந்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.