சக்கரத்துக்காக மெலிந்தவன்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடமாக மற்றவர்களை மேலே ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தானே ஏறுவான், சைக்கிளில், ஊருக்கு வெளியே இருக்கும் மலைமேல். உச்சியில் என்னடா இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். ஒரு செல்போன் கோபுரமும் திரும்பி வரும் வழியும் இருக்கிறதாம்.

அவனுடைய சைக்கிள் கழகத்தில் இரண்டு குழு. மலையை நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் ஏறுகிறவர்கள் முன்குழு. மற்றவர்கள் பின்குழு, படம் எடுத்துக்கொள்ளவும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசவும் அவர்களுக்கு நிறைய நேரம் உண்டு. தேர்வு வருடத்துக்கு ஒரு தடவைதான். போன வருடம் தம்பிக்கு நாற்பத்தேழு நிமிடம் ஆனது. ஐம்பத்திரண்டு வயதில் பின்குழுவுக்குத் தள்ளப்பட்டவன் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டு நீக்கியிருந்தால்கூட இவ்வளவு வாடியிருக்க மாட்டான்.

இந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வான்? வாரத்தில் இன்னும் இரண்டு நாள் பயிற்சி செய்வான். இவன் கார்பன் சக்கரம் வாங்கினான்.

பெட்டி வந்த அன்று என்னைக் கூப்பிட்டான். "ஒரு விரல்ல தூக்கிப் பாருக்கா." தூக்கினேன். லேசாகத்தான் இருந்தது. "பழைய அலுமினியச் சக்கரத்தைவிட அறுநூறு கிராம் கம்மி. மலை ஏறுறதுக்குன்னே செஞ்சது. பந்தயக்காரங்க போடறது."

அவன் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அவனை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். "அறுநூறு கிராமா? அது உங்க தொப்பையில ஒரு ஓரம்."

பிறகுதான் கையேட்டை எடுத்தான். கையை நீட்டினான், இன்னும் நீட்டினான், கை போதவில்லை. படிக்கும் கண்ணாடி போடச் சொல்லி அவள் இரண்டு வருடமாகக் கெஞ்சுகிறாள், அதெல்லாம் கிழவர்களுக்காம். பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது. தாங்கும் எடை, அதிகபட்சம் தொண்ணூறு கிலோ.

தம்பி அப்போது தொண்ணூற்றேழு.

வேறு யாராவது என்றால் ஏழு கிலோதானே என்று ஏறி உட்கார்ந்திருப்பார்கள். இவனால் முடியாது. 'எட்டுப் பேர்' என்று எழுதிய லிஃப்டில் ஒன்பதாவது ஆள் காலை வைத்தால் வெளியே இழுத்து விடுகிறவன். சக்கரங்களைத் துணியால் மூடி அலமாரி மேல் வைத்தான். சக்கரம் மனிதனைத் தாங்குவது போய், மனிதன் சக்கரத்துக்குத் தகுதி பெறும் படலம் ஆரம்பமானது.

முப்பத்தாறு வருடம் நோயாளிகளைப் பராமரித்தவள் நான். பட்டினி கிடந்து மயங்கி விழுந்தால் என்னிடம்தான் தூக்கி வருவார்கள் என்பதால், சாப்பாட்டை நானே எழுதிக் கொடுத்தேன். வியாழன்தோறும் காலையில் என் வீட்டு எடைக் கருவியில் ஏறி நிற்பான். "மூச்சை அடக்கினா எடை குறையாதுடா, விடு" என்பேன். ஐந்து மாதம் வெள்ளரிக்காய், அவித்த முட்டை, பெருமூச்சு. தேர்வுக்கு முந்தின வியாழன் முள் எண்பத்தொன்பதரையில் நின்றது. இறங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே என்னைத் தன் வீட்டுக்கு வரவழைத்துச் சக்கரத்தை மாட்ட உட்கார்ந்தான். கார்பனுக்குத் தனி பிரேக் கட்டை உண்டாம். எப்படிப் பொருத்துவது என்று படிக்கச் சொல்லிக் கையேட்டை என்னிடம் நீட்டினான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட முதல் வரியிலிருந்து கடைசி வரை படிப்பது என் தொழில் பழக்கம். முதல் பக்கத்தில் ஆரம்பித்தேன்.

"அக்கா, பிரேக் பதினோராவது பக்கம்."

"வர்றேன் இரு. டேய், இந்தத் தொண்ணூறு கிலோ யாரோட எடை?"

"ஏறுற ஆளோடது. வேற யாரோடது?"

"கீழே பொடி எழுத்துல போட்டிருக்கு. ஆள், சைக்கிள், உடுப்பு, ஹெல்மெட், தண்ணி பாட்டில் எல்லாம் சேர்த்துன்னு."

சிரித்தான். "அப்படி எவனும் எழுத மாட்டான். லிஃப்ட்ல பலகையில போடறது ஆளுங்க எடை மட்டும்தான். கூண்டோட எடையைத் தனியா பார்த்துக்குவோம்."

"சக்கரத்தைச் செஞ்சவன் லிஃப்ட் மெக்கானிக் இல்லையே."

அவன் மனைவி தன் கண்ணாடியைக் கழற்றி அவன் மூக்கில் மாட்டினாள். மூன்று தடவை படித்தான். "சைக்கிளும் சாமானும் சேர்த்துப் பத்து கிலோ வரும்" என்றான், காற்றுப் போன குரலில்.

"அப்போ நீங்க எண்பதுக்கு வரணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள" என்றவள் என்னைப் பார்த்தாள். "அண்ணி, ஒரு காலை எடுத்துடலாமா?"

அவன் சிரிக்கவில்லை. "இந்த வருஷமும் பின்குழுதான்" என்றான். கண் கலங்கிவிட்டது.

"பழைய சக்கரத்தை மாட்டிக்கிட்டுப் போ."

"அறுநூறு கிராம் அதிகம்க்கா."

"உன் உடம்புல ஏழரை கிலோ குறைஞ்சிருக்கே, அதை எதுல சேர்த்த?"

உண்மையாகவே அதை எதிலும் சேர்த்திருக்கவில்லை. அவனுக்கு அது அந்தச் சக்கரத்தில் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான்.

ஞாயிறன்று பழைய சக்கரத்தில் நாற்பத்து மூன்று நிமிடம் பத்து விநாடியில் ஏறினான். முன்குழு.

கார்பன் சக்கரங்களை முன்குழுத் தலைவரான பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டான். அவர் துடைப்பக் குச்சிக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பார்; சைக்கிளோடு சேர்த்தாலும் எண்பதைத் தாண்ட மாட்டார். ஏற்கெனவே பறக்கிறவர். இப்போது இரண்டாவது வளைவிலேயே கண்ணுக்குத் தெரிவதில்லையாம். மற்ற ஆறு பேரும் அவர் பின்னாலேயே போய்விடுகிறார்கள். பின்குழுவில் யாராவது பின்தங்கினால் நின்று கூட்டிக்கொண்டு போவார்கள். முன்குழுவில் அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

ஆக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு பேரோடு கிளம்புகிறான், ஒற்றை ஆளாகத் திரும்புகிறான்.

"பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாம என்னடா சுகம்?" என்று கேட்டேன்.

"முன்குழுவில யாரும் பேச மாட்டோம்க்கா" என்றான், முகமெல்லாம் பல்லாக.