லோகு எண்ணிய நொடிகள்

லாரிகளை எடைபோடும் எடைமேடை அறையில் பொத்தானை அமுக்கியதும் லோகுவின் உதடு அசையத் தொடங்கும். எடைச்சீட்டு வெளியே வரும்வரை நொடிகளை எண்ணுவார். சனிக்கிழமைதோறும் அந்த எண்ணைக் காலண்டரில் குறித்துவைப்பார். ஐந்து வருடமாக இளமதி இதைப் பார்த்திருக்கிறாள். கும்மிடிப்பூண்டியில் அந்தக் கம்பி ஆலைக்கு மென்பொருள் எழுதியவள் அவள். திருவாலங்காட்டில் தன் வீட்டின் முதல் பட்டதாரி.

“இன்னாண்ணே, லாட்டரி நம்பரா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“உன் சாப்ட்வேரு வர வர மந்தமாவுதும்மா. ஒண்ணுல இருந்தது, இப்ப ஒம்போதுக்கு வந்துகினு கீது.”

லாரிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. “சீட்டு வர்றதுக்குள்ள நான் ஊட்டுக்குப் போய் நாஷ்டா துன்னுட்டே வந்துருவேன் நைனா!” என்று ஓட்டுநர் பாக்கியராஜ் கத்துவார். மேலாளர் காரணம் கேட்டபோது இளமதி சோதித்துப் பார்த்தாள். லாரியின் பதிவை டேட்டாபேஸ் தேடி எடுக்க ஆன நேரம் கண்ணிமைப்பதற்கும் குறைவு. அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு, ‘தாமதம் இயக்குபவருடையது’ என்று அறிக்கை கொடுத்தாள்.

அதை வைத்து, முழங்கால் தேய்ந்த லோகுவை இரும்புக்கழிவு யார்டுக்கு மாற்றினார்கள். நாளெல்லாம் நிற்க முடியாமல் இரண்டே மாதத்தில் வேலையை விட்டார்.

அவர் இடத்துக்கு வந்த ஏஞ்சல் வேகமாகத் தட்டுபவள். அவளுக்கும் ஒன்பது நொடி ஆனது. அப்போதுதான் இளமதி சோதனை முடிவில் அந்த வரிக்கு மேலிருந்த வரியைப் படித்தாள். தேடுவதற்கு முன், எப்படித் தேடலாம் என்று டேட்டாபேஸ் திட்டம்போட எடுத்த நேரம்: எட்டரை நொடி.

கேட் பதிவேட்டில் தினமும் புதுப்பக்கம் திருப்புவது அந்த ஆலையின் வழக்கம். அதைப் பார்த்து அவளும் எடைப்பதிவுகள் இருக்கும் டேபிளை நாளுக்கொரு துண்டாகப் பிரித்திருந்தாள். அதில் பெருமைகூட இருந்தது. லாரி எண்ணை மட்டும் கொடுத்துக் கேட்டால், எந்த நாளில் இருக்குமென்று தெரியாமல், ஆயிரத்தெண்ணூறு துண்டுகளையும் புரட்டிவிட்டுத்தான் அது திட்டம் போட்டது. தினமும் ஒரு துண்டு கூடியது. காலண்டரில் ஏறிக்கொண்டிருந்தது அதுதான்.

துண்டுகளை மாதவாரியாக இணைத்தாள். கேள்வியில் தேதியையும் சேர்த்தாள். அரை நொடியில் சீட்டு வந்தது. மேலாளர் பாராட்டினார். காரணத்தை அவள் சொல்லவில்லை.

ஒருநாள் லோகு போன் செய்தார். “புதுவாயல்ல ஒரு எடைமேடைக்கு ஆள் கேக்குறாங்கம்மா. பழைய கம்பெனில விசாரிப்பாங்களாம். எம்மேல தப்பில்லன்னு மேனேஜருக்கு ஒரு வரி எழுதிடேன்.”

“எழுதிடறேண்ணே.”

‘தாமதம் இயக்குபவருடையது அல்ல’ என்பதுவரை எளிதாக வந்தது. யாருடையது என்று அடுத்து எழுத வேண்டும். இந்த வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? நாளைக்கு என்று வைத்தாள். மறுநாளும் வைத்தாள்.

புதுவாயலில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அதை ஏஞ்சல்தான் சொன்னாள். லோகு மறுபடி அழைக்கவேயில்லை. ஆலையின் கோப்பில், அவர் பெயருக்கு நேரே, இளமதி முதலில் எழுதிய ‘தாமதம் இயக்குபவருடையது’ என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது.