அரிசி டிரம்முக்கு அடியில் ஸ்கேன் சீட்டு

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அதனால்தான் அந்த ஸ்கேன் சீட்டை ஒளித்து வைத்தேன்.

வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அவர் ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி, பி வகை, இருப்பதாக டாக்டர் சொன்னார். "இதுல ஈரல்ல கேன்சர் வரலாம். வலி தெரியாது. சின்னதா இருக்கும்போதே பிடிக்கணும்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுங்க," என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

லயத்தில் ஈரல் கெட்டவன் என்றால் குடிகாரன் என்றுதான் பேச்சு. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். டவுனுக்குப் போகும் ஜீப்பில் எல்லாரும் தெரிந்தவர்கள். எங்கே, எதுக்கு என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

"கல்யாணம் முடியட்டும். நல்லாத்தான இருக்கீக," என்றேன்.

"நீ சொன்னா சரி," என்றார். சீட்டு அரிசி டிரம்முக்கு அடியில் போனது.

கல்யாணம் முடிந்தது. சம்பந்தி வீட்டுக்குப் பயந்து மறுபடியும் தள்ளிப்போட்டேன். அவர் வயிறு வீங்கிய பிறகுதான் கூட்டிப் போனேன்.

ஸ்கேனில் ஈரலில் பெரிய கட்டியைப் பார்த்த டாக்டர் என் பக்கம் திரும்பி, "நடுவுல ஒண்ணுமே எடுக்கலையா?" என்றார்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "நாந்தான் வரல சார். இவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் போன பிறகு துக்கத்துக்கு வந்த ஒருத்தி என் காதோரம் குனிந்து, "மறைவா குடிச்சிருப்பாரோ?" என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பரிசோதித்ததில் எனக்கும் அதே கிருமி. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜீப் ஏறுகிறேன். எங்கே என்று கேட்டால், "ஈரல் ஸ்கேனுக்கு," என்று சத்தமாகவே சொல்கிறேன். அதை முன்னமே ஒரே ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கும்போது.