அரைப்பேர்

“பெரட்டுக்கு எல்லாரும் வந்துட்டாங்களா?” என்று, தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதைப் போல, மடிக்கணினியிடமே கேட்டபடி, திரையில் தோன்றும் பெயர்களை விரலால் தொட்டுப் பார்க்கிறாள் சுதர்ஷினி. பெர்லினில் ஒருவர், சாவோ பாவ்லோவில் ஒருவர், வார்சாவில் ஒருவர். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் கடைசி வீட்டில், ஜன்னல் கம்பியில் துணிக்கிளிப் போட்டுக் கைத்தொலைபேசியை மாட்டியிருக்கிறாள். சிக்னல் அங்கேதான் வரும். அதை யாராவது அசைத்தால் அன்றைக்கு வீட்டில் பூகம்பம்தான்.

வாரநாட்களில் ஹாலிஎலையில் கம்பியூட்டர் வகுப்பு எடுக்கிறாள். அது சோற்றுக்கு. சனிக்கிழமைப் பகல் இந்தக் கூட்டத்துக்கு. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்குத் திறந்துவிட்ட மென்பொருள்களைச் சம்பளமில்லாமல் பராமரிக்கும் தொண்டர்கள் இவர்கள். இவளுடையது கிளவுட் அணி. எங்கோ தூர தேசத்தில் ஒரு புதுக் கணினி கண் விழிக்கும்போது, ‘உன் பெயர் இது, இன்னாரை மட்டும் உள்ளே விடு’ என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் சின்ன மென்பொருள் பொதி ஒன்றை இவள் பார்த்துக்கொள்கிறாள். அப்படி விழிக்கும் கணினிகள் எத்தனை இருக்கும் என்று, அவளைப் பார்க்கப் போயிருந்த நான் கேட்டேன். “அத யாருண்ணே எண்ணுறது?” என்று சிரித்தாள். எனக்குத் தலை சுற்றியது.

தட்டுவது ஆங்கிலத்தில், முணுமுணுப்பது தமிழில். ‘தயவுசெய்து’ என்று இரண்டு தடவை தட்டினாள் என்றால் உள்ளே கொதிக்கிறாள் என்று அர்த்தம். “காசு இல்லாத வேலைக்கு என்னா அதிகாரம் பாருங்க, நம்மள வேல வாங்குற கணக்கப்புள்ள தோத்துருவாரு” என்று அடுப்படியிலிருந்து அம்மா ரெங்கம்மாவின் குரல் வரும். அவர் கொழுந்து எடுக்கிறவர். அந்தக் கேலியில் பெருமையும் இருக்கிறது.

தோட்டத்தில் கொழுந்து எடை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம். பராமரிப்பாளர் என்று பெயரை மட்டும் போட்டுவிட்டு ஆளையே காட்டாதவர்களுக்கு இவள் வைத்திருக்கும் பட்டமும் அதுதான். “பேரு இருக்கு, ஆளு இல்ல. அரப்பேருகாரங்க.”

நான் போயிருந்த சனிக்கிழமை, பேச்சு அவளுடைய பொதியைப் பற்றியே. கிளவுட் அணியிடமே இருக்கட்டுமா, அது எழுதப்பட்ட கணினி மொழியைக் கவனிக்கும் அணிக்குப் போகட்டுமா? கவனிப்பார் இல்லாத இடத்தில் விழுந்தால் அடுத்த வெளியீட்டில் பொதியையே தூக்கிவிடுவார்கள். கம்பஸில் படித்த காலத்திலிருந்து அவள் வளர்த்தது. சுதர்ஷினியிடமே இருக்கட்டும், அவளைப் போல் கெட்டிக்காரி யார் என்று பெர்லின்காரர் எழுதினார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

“யாரு கெட்டின்னு பாக்குறாங்க. மழையிலயும் கொழுந்து மலைக்குப் போனது யாருன்னு பாக்க வேணாமா?” என்று முணுமுணுத்தாள்.

போன மழையில் மண் சரிந்து, பாதையும் இல்லை, கரண்டும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பொதியில் ஓட்டை, திருடன் புகுந்துவிடக்கூடிய ஓட்டை. மொழி அணியிலும் இருக்கும் அந்த வார்சாக்காரர் தன் லீவு நாளைக் கெடுத்துக்கொண்டு அதை அடைத்தார். யாரிடமும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சுதர்ஷினிக்கே கரண்டு வந்த பிறகுதான் தெரியும்.

படபடவென்று தட்டினாள். என்ன எழுதினாய் என்றேன். “மொழி அணிக்கே குடுங்கன்னுட்டேன். அடுத்த மழைக்கும் இங்க கரண்டு போகும். இதுல நான் அரப்பேருதாண்ணே.”

பெயராவது இருக்கட்டுமே என்று பெர்லின்காரர் கெஞ்சினார். இவள் பொதியின் பராமரிப்பாளர் கோப்பைத் திறந்து தன் பெயரை அழித்தாள். வார்சாக்காரரின் பெயரைப் போட்டாள்.

“பேர வெட்டிட்டியா? ஒன் கையாலயா?” என்று ரெங்கம்மா ஓடி வந்தார். தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலை போனது என்று பொருள்.

“வேல பாக்குறவரு பேரு இருக்கட்டும்மா.”

இப்படி ஒரு மனுஷியை நான் எங்கே பார்த்திருக்கிறேன்!

டிங் என்றது கணினி. அந்தப் பொதியில் யாரோ ஒரு கோளாறைச் சொல்லியிருந்தார்கள். பழக்கத்தில் அவள் விரல் பாய்ந்துவிட்டது. பாதி வழியில் நிறுத்தி, அந்தக் கையை மடிக்கு இழுத்து, மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.